காலும் பெடலும்

கடைக்குச் சென்று புதிய சைக்கிள் ஒன்றை விலை பேசி முடித்த பிறகு, "பெடல் எதைப் போடுவது?" என்று கடைக்காரர் கேட்டால் வியப்பாக இராதா? பெங்களூரில் சில மாதங்களுக்கு முன்னர் நமக்கு அவ்வனுபவம் கிட்டியது. வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட அந்த வண்டி, இன்று இளைஞர்கள் 'ரோடு பைக்' என்று வழங்கும் வகையைச் சேர்ந்தது. சீட் இருந்தது, செயின் இருந்தது, பிரேக் இருந்தது. பெடல் மட்டும் இல்லை. விலையுயர்ந்த ரோடு பைக்குகள் பலவும் பெடலின்றியே விற்பனைக்கு வருகின்றன என்றும், ஓட்டுபவர் தம் காலுக்கும் காலணிக்கும் ஏற்றதைத் தனியே தேர்ந்துகொள்வதே வழக்கம் என்றும் கடைக்காரர் பொறுமையோடு விளக்கினார்.

சிறு வயது முதலே சைக்கிள் மிதித்துப் பழகிய நாம், அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் நின்றோம். விடை தேடப் புகுந்தபோது, உள்ளங்கை அளவே உள்ள ஒரு கட்டைக்குள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருப்பது தெரிய வந்தது. அந்த வரலாற்றையே இங்கு நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் வசிப்பது ஆஸ்டின் டவுன். 1809-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபோது, சென்னை ராணுவத்தோடு தமிழர் பலர் இவ்வூருக்கு வந்து சேர்ந்தனர். படைவீரரும், அவர்களுக்குப் பண்டம் விற்றவரும், வீட்டு வேலை செய்தவரும், கொத்தரும் தச்சருமாகக் குடியேறிய அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இப்பகுதிகளில் வாழ்கின்றனர். கண்டோன்மென்ட் எனப்பட்ட அந்நிலப்பகுதி 1947 ஜூலை மாதத்தில்தான் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949-இல் பழைய நகரமும் கண்டோன்மென்ட்டும் ஒரே மாநகராட்சி ஆயின. ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்னும் பெயரும் உண்டு. 1894-இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் கிட்டெலின் நினைவாக வைத்த பெயர் அது. ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே வழங்கி வருகிறது.

அந்தக் கிட்டெலின் நாட்டிலேதான் நம் கதையும் தொடங்குகிறது. 1817 ஜூன் 12-ஆம் நாள், மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தாலான இருசக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் கிடையாது. வண்டியின் மேல் அமர்ந்து, இரு கால்களாலும் தரையை மாறி மாறி உந்திச் செல்ல வேண்டும். 1815-இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்தது. குதிரைக்குத் தீனி அரிதாயிற்று. அதனாலேயே குதிரை வேண்டாத வண்டியை அவர் நாடினார் என்று கருதும் ஆய்வாளரும் உளர். காரணம் எதுவாயினும், இரண்டு சக்கரங்களின் மேல் மனிதன் விழாமல் செல்ல இயலும் என்பதை அவர் மெய்ப்பித்தார். எனினும் அவனுடைய கால்கள் தரையை விட்டு நீங்கவில்லை.

கால் தரையை விட்டு நீங்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்திய வண்டிகள் தோன்றின. இவ்வமைப்பை முதலில் கண்டவர் பியர் மிஷோவா, பியர் லால்மாவா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. லால்மா 1866-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது மட்டும் உறுதி. புதிய அமைப்பில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறையே சுற்றும். ஆகவே விரைவு வேண்டுமாயின் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1870-களில் முன்சக்கரம் ஏறத்தாழ ஐந்தடி உயரத்திற்கு வளர்ந்துவிட்டது. அதன் உச்சியில் ஏறி அமர்வதற்கு நீண்ட காலும் நெஞ்சுரமும் வேண்டியிருந்தன. சக்கரம் ஒரு கல்லில் இடறினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். முதியோரும் பெண்டிரும் அவ்வண்டியை அநேகமாக வேடிக்கை பார்க்கவே முடிந்தது.

1885-இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட 'ரோவர்' என்னும் வண்டி இந்நிலையை மாற்றிற்று. பெடலைச் சக்கரத்திலிருந்து பிரித்து இரு சக்கரங்களுக்கும் நடுவே, சீட்டுக்குக் கீழே அவர் இறக்கினார். அங்கிருந்து செயின் வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றினார். பெடலோடு சுழலும் பல்சக்கரத்தில் 48 பற்களும் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பின், கால் ஒரு முறை சுற்ற, பின்சக்கரம் மும்முறை சுற்றும். இனி ஐந்தடிச் சக்கரம் எதற்கு? சக்கரங்கள் சிறுத்தன, ஓட்டுபவரின் கால் தரைக்கு அருகே வந்தது, வேண்டியபோது ஊன்றிக்கொள்ள முடிந்தது. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரையும் அளிக்கவே, சைக்கிள் உலகெங்கும் பரவிற்று. பெண்களும் அதில் ஏறிக்கொண்டனர்.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. விரைவுக்காகப் பெடலை அமைத்த காலத்தில் ஓட்டுவோர் தொகை குறுகியது. பலருடைய காலுக்கும் எட்டும்படி அமைத்த காலத்தில் அது விரிந்தது. நம் நாட்டின் கதையும் இதற்குச் சான்று.

இந்தியாவுக்குச் சைக்கிள் கப்பலில் வந்த பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்திறங்கிய ஆங்கிலேய வண்டிகள் துரைமாரிடமும் செல்வரிடமும் இருந்தன. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1949-இல் முருகப்பா குடும்பத்தினர் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே ஆலையும், 1951-இல் சோனிப்பட்டில் அட்லஸ் ஆலையும் எழுந்தன. இன்று பாகிஸ்தானில் உள்ள கமாலியாவிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் 1956-இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸைத் தொடங்கினர். உலகிலேயே மிகுதியாகச் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று 1986-இல் கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்தது. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாட்டையே சக்கரத்தில் ஏற்றிய கதை இது.

இவ்வாலைகள் செய்த கறுப்பு வண்டியை நேயர்கள் அனைவரும் அறிவர். ஏறத்தாழ இருபது கிலோ எடையும், கம்பி பிரேக்கும், பின்னால் கேரியரும் கொண்ட அவ்வண்டியின் பெடலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓர் இரும்புச் சட்டம். அதன் இருபுறமும் வரியிட்ட தடித்த ரப்பர்க் கட்டைகள். வெளிநாட்டுப் பந்தயக்காரர் பயன்படுத்திய பெடலோ பற்கள் வைத்த வெறும் இரும்புத் தகடு. அதை ஆங்கிலத்தில் 'எலிப்பொறி' என்றே அழைத்தனர். வெறுங்காலோடும் ரப்பர்ச் செருப்போடும் வேலைக்குச் செல்லும் உழைப்பாளி அத்தகட்டை மிதிக்க முடியுமா? ரப்பர்க் கட்டையோ வெறுங்காலையும் ஏற்றது. மழையில் நனைந்த செருப்பையும் ஏற்றது. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று பெங்களூரில் ஆலைகள் பெருகிய காலத்தில், சங்கொலி கேட்டதும் வாயிலில் திரண்ட சைக்கிள்களில் இருந்தவை இந்த ரப்பர்ப் பெடல்களே.

குழந்தைகளுக்கென்று சிறு வண்டி வாங்கித் தர வசதியற்ற வீடுகளில், அப்பாவின் வண்டியே பிள்ளைகளுக்கும் ஆசான். சீட்டுக்குக் கால் எட்டாத சிறுவன் குறுக்குக் கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து, அரைவட்டமாக மிதித்துச் செல்வான். தமிழர் அதற்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயரிட்டனர். 2024-இல் அப்பெயராலேயே ஒரு தமிழ்த் திரைப்படமும் வெளிவந்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த வண்டியில், முழங்கால் சிராய்ப்புகளோடு கற்ற அப்பாடம் நம்மில் பலருக்கு மறக்க இயலாதது.

நிற்க. நமது புதிய வண்டிக்கு வருவோம். கடைக்காரர் மூவகைப் பெடல்களை எடுத்து வைத்தார். முதலாவது, எந்தக் காலணிக்கும் ஏற்ற தட்டைப் பெடல். இரண்டாவது, கால்விரல்களைக் கவ்வும் கூடும் வாரும் கொண்டது. பந்தய வீரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பயன்படுத்தி வந்த வகை இது. மூன்றாவது, காலணியின் அடியில் திருகிய ஒரு கொக்கி பெடலில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் வகை. பனிச்சறுக்குக் காலணிகளுக்கான பூட்டுகளைச் செய்து வந்த லுக் என்னும் பிரெஞ்சு நிறுவனம், அதே நுட்பத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. 1985-இல் பெர்னார் இனோ அப்பெடலோடு தமது ஐந்தாவது டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதன் பின்னர் வார்ப் பெடல் பந்தயங்களிலிருந்து மெல்ல மறைந்தது. 1990-இல் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ, கொக்கி காலணியின் அடிக்குள் பதிந்திருக்கும் வகையை வெளியிட்டது. அதை அணிந்து தரையிலும் நடக்கலாம். வேடிக்கை என்னவெனில், காலைப் பூட்டும் இவ்வகைப் பெடலுக்கு ஆங்கிலத்தில் 'கிளிப் இல்லாதது' என்று பெயர். விரலைக் கவ்விய பழைய கிளிப் இதில் இல்லை என்பதே அதன் பொருள்.

ஆசை யாரை விட்டது! மூன்றாவது வகையையே வாங்கி வந்தோம். வீட்டிலேயே பொருத்திவிடலாம் என்று எண்ணி வலப்பெடலை எளிதில் திருகினோம். இடப்பெடலோ எவ்வளவு அழுத்தியும் ஏறவில்லை. தெருமுனையில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றோம். அவர் ஒரு முறை பார்த்துவிட்டு, "எடது பக்கத்துக்கு மறை எதிர்ப்பக்கம் சார். அழுத்தித் திருகியிருந்தா மறை போயிருக்கும். ரெண்டையும் வண்டி முன்பக்கமா திருப்புங்க, இறுகும். பின்பக்கமா திருப்புங்க, கழலும். அவ்வளவுதான் கணக்கு" என்றார். இருபுறமும் ஒரே திசையில் மறை வெட்டினால், மிதிக்கும் அழுத்தத்தின் சுழற்சியில் இடப்பெடல் சிறிது சிறிதாகக் கழன்றுவிடும். அதனாலேயே இடப்பெடலுக்கு எதிர்மறை. இன்று பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் மறையின் அளவு 9/16 அங்குலமே. பெரியவர் சிரித்துக்கொண்டே மரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய ரப்பர்ப் பெடலை எடுத்து, "இதைக்கூட உங்க வண்டியில போட்டுடலாம்" என்றார். நாம் அதை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை நிகழ்ந்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குனிந்த உடல், ஒன்பது கிலோ வண்டி, லேசாகத் தொட்டாலும் திரும்பும் ஹேண்டில் ஆகியவற்றுக்கே நாம் இன்னும் பழகவில்லை. ரிச்மண்ட் சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றோம். பழக்கத்தால் காலை மேலே தூக்கினோம்; கால் வரவில்லை. அப்பெடலிலிருந்து விடுபடக் குதிகாலை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். அந்த ஒரு நொடியில் அது நினைவுக்கு வரவில்லை. வெட்டுண்ட மரம் போல, வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தோம்.

பின்னால் வந்து கொண்டிருந்த ஒரு தேநீர் வியாபாரி நம்மைத் தூக்கிவிட்டார். கேரியரில் பெரிய தேநீர்க் குடுவையும் ஹேண்டிலில் காகிதக் குவளைகளும் தொங்க, பழைய கறுப்பு வண்டியில் அவர் நின்ற நிலை நம் கண்ணில் இன்னும் இருக்கிறது. ஒரு கால் ரப்பர்ப் பெடலில். மறுகால் தரையில், ரப்பர்ச் செருப்போடு. அவர் பீகாரைச் சேர்ந்தவர். கன்னடம் அரைகுறையாகவே பேசினார். நாம் இந்தியில் பேசவும் முகம் மலர்ந்தார். "பாயீ சாஹிப், ஏறுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்டார். நாம் ஓரமாய் அமர்ந்து தேநீர் அருந்துகையில், ஊரில் தம் மகள் அரசு தந்த சைக்கிளில் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வதைச் சொன்னார். "அவளுக்கு நானே கற்றுக்கொடுத்தேன். முதல் பாடமே காலை ஊன்றுவதுதான்" என்றார்.

பீகாரில் 2006-இல் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கப்பட்ட சைக்கிள் திட்டம் பலரும் அறிந்தது. அவர் பேச்சு நம் நினைவைப் புதுக்கோட்டைக்கு இழுத்துச் சென்றது. 1991-92 ஆண்டுகளில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்பிக்கச் செல்லும் பெண்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டும், பேருந்து அரிது, துணைக்கு வர ஆண்களுக்கு நேரமில்லை. ஆகவே பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் ஆட்சியர் வழி செய்தார். வயல் வேலை செய்தோர், கல் குவாரித் தொழிலாளர், கிராமச் செவிலியர், பால்வாடி ஊழியர், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். தெருவில் ஏளனமும் பழிச்சொல்லும் எழாமல் இல்லை. அவர்கள் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களின் வண்டிகளையே எடுத்தனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார்த்திக்கொள்ளலாம் என்று அதனையே விரும்பியவர்களும் இருந்தனர்!

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவர்கள் மிதித்ததும் அந்த ரப்பர்க் கட்டையைத்தான். நுட்பத்தில் அது மிகச் சாதாரணமான பெடல். இனோவின் பெடல் மலைச் சாலையில் நொடிகளை மிச்சப்படுத்தித் தந்தது. இந்தப் பெடலோ ஒரு தாய் தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, எவர் தயவும் இன்றி அடுத்த ஊருக்குப் போக உதவியது. இரண்டும் தத்தம் காலுக்கு ஏற்றவை. ஒருவருடைய காலுக்குச் செய்ததை மற்றொருவர் பெருமைக்காக மாட்டிக்கொள்ளும்போதுதான் ரிச்மண்ட் சாலையில் விழ நேரிடுகிறது.

ஆகவே நாம் கடைக்குத் திரும்பிச் சென்று, ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் பூட்டாகவும் உள்ள பெடலை மாற்றி வாங்கினோம். இரு மொழிகளுக்கிடையே நாள்தோறும் உழலும் மொழிபெயர்ப்பாளனுக்கு இருமுகப் பெடல் பொருத்தந்தானே! அலுவலகம் செல்லும்போது தட்டை முகம். ஞாயிறு காலையில் நந்தி மலைப் பக்கம் நெடுந்தூரம் செல்லும்போது பூட்டு முகம்.

புதிதாக ரோடு பைக் வாங்கும் நேயர்களுக்கு நாம் கற்ற சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். முதல் ஒரு மாதம் தட்டைப் பெடலிலேயே பழகுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சீட்டின் உயரத்திற்கு எளிய அளவு. பூட்டும் பெடலுக்கு மாறுவதாயின், சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது முறையேனும் பூட்டியும் விடுவித்தும் பாருங்கள். பூட்டின் இறுக்கத்தை அலன் கீ கொண்டு தளர்த்தி வைத்துத் தொடங்குங்கள். முழங்கால் வலித்தால், காலணியின் கொக்கி கோணியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிவப்பு விளக்கைக் கண்டதும், வண்டி நிற்பதற்கு முன்பே ஒரு காலை விடுவித்துவிடுங்கள்.

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ, எந்த ஊரில் நீங்கள் வண்டி வாங்கினாலும், "பெடல் எதைப் போடுவது?" என்ற கேள்வி ஒருநாள் உங்களிடமும் வரக்கூடும். அப்போது பந்தய வீரர் காலை நினையாமல், உங்கள் காலையும், அது நாள்தோறும் போகும் வழியையும் நினைத்து விடை சொல்லுங்கள். நமது இருமுகப் பெடலைப் பார்த்த தெருமுனைப் பெரியவர் அதை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு, "இப்பதான் சரி" என்றார். அந்தப் பழைய ரப்பர்ப் பெடலை மட்டும் அவர் மீண்டும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதற்குரிய கால் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பது அவருக்குத் தெரியும்.